படம் பிடிக்க வந்த இளைஞர்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட செய்தி மிகச் சிறியது. எங்கள் வீட்டு விழாவொன்றில் படம் பிடிக்க ஓர் இளைஞர் வந்தார். அவருக்கு அந்தத் தொழில் இன்னும் கைவரவில்லை. அவரிடம் நாங்கள் எவ்வாறு நடந்துகொண்டோம், எங்கே தவறினோம், எங்கே ஓரளவு திருத்திக்கொண்டோம் என்பதே செய்தி. இதனை உங்களிடம் சொல்வதற்குக் காரணம் உண்டு. இன்னும் சில ஆண்டுகளில் நீங்கள் ஒவ்வொருவரும் ஏதேனும் ஒரு வேலைக்கு முதன்முதலாகச் செல்வீர்கள். அதன்பின் சில ஆண்டுகளில் பிறரை வேலைக்கு அழைப்பீர்கள். இரு நிலைகளிலும் மனிதன் நடந்துகொள்ள வேண்டிய முறையை எந்தத் தேர்விலும் எவரும் கேட்பதில்லை. வாழ்க்கையோ அதனை அடிக்கடி கேட்கிறது.

எங்கள் அன்னையாருக்கு 90 வயது நிறைந்தது. குடமுருட்டி ஆற்றங்கரையில் உள்ள எங்கள் பழைய வீட்டில் மக்களும் மருமக்களும் பேரரும் கொள்ளுப்பேரருமாக எல்லோரும் ஒருநாள் கூடுவதென்று முடிவாயிற்று. சமையலுக்கு யார், பந்தலுக்கு யார் என்று என் தம்பியும் நானும் பலநாள் ஆலோசித்தோம். சமையற்காரர் செய்த சாம்பாரை வேறொரு வீட்டில் உண்டு பார்த்த பிறகே அவருக்கு வெற்றிலை பாக்கு வைத்தோம். பந்தற்காலுக்குக்கூட மூங்கிலைத் தட்டிப் பார்த்தோம். படம் பிடிப்பதற்கு மட்டும், அருகிலுள்ள நகரத்து ஸ்டூடியோ ஒன்றின் உரிமையாளரிடம் தம்பி தொலைபேசியில் பேசி, தொகையை முடித்து, முன்பணமும் அனுப்பிவிட்டான். அவர் எடுத்த திருமணப் படங்கள் அழகாக இருந்தன. ஆனால் எங்கள் வீட்டிற்கு அவரே வருவாரா என்று நாங்கள் கேட்கவில்லை. இந்தக் கேள்வியை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

விழாவன்று காலை வந்தவர் இருபது வயது மதிக்கத்தக்க ஓர் இளைஞர். தோளில் பெரிய பை, கையில் காமிரா, முகத்தில் முந்திய இரவு உறக்கமில்லாத களைப்பு. வந்தவுடன் அவர் எங்களைப் பார்க்கவில்லை. காமிராவையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவனுக்கு அந்தப் பார்வை நன்கு தெரியும். வினாத்தாளைப் படித்த பிறகு பேனாவைத் திறந்து திறந்து மூடும் மாணவனுடைய பார்வை அது. தெரிந்தும் நான் அப்பொழுது ஒன்றும் கேட்கவில்லை. விருந்தினரை வரவேற்கும் பரபரப்பில் இருந்துவிட்டேன். அது என் தவறு.

காலை பத்து மணியளவில் வாயிலில் ஒரு கார் வந்து நின்றது. எங்கள் சின்னம்மா, அதாவது அன்னையாரின் தங்கையார், இறங்கினார். அவருக்கு வயது 86. முழங்கால் வலியால் பல ஆண்டுகளாகப் பயணம் செய்யாதவர். அக்காளும் தங்கையும் நேரிற் கண்டு ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. பந்தலின் நடுவே நாற்காலியில் அமர்ந்திருந்த அம்மா, எவருடைய உதவியுமின்றித் தாமே எழுந்து நின்றார். இருவரும் கைகளைப் பற்றிக்கொண்டனர். ஒரு சொல்லும் பேசவில்லை. சூழ நின்றவர்களில் கண் கலங்காதவர் இல்லை. இளைஞர் வீட்டு வாயிற்படியில் நின்றுகொண்டு விசையை அழுத்திக்கொண்டே இருந்தார்.

சிறிது நேரத்தில் பெங்களூரிலிருந்து வந்திருந்த எங்கள் மருமகப்பிள்ளை ஒருவர் அந்தக் காமிராவின் பின்புறத் திரையை எட்டிப் பார்த்துவிட்டு உரக்கக் கூவினார். ஓடிச் சென்று பார்த்தோம். தெரு வெள்ளை வெளேரென்று பளிச்சிட்டது. காரின் சக்கரங்கூடத் தெளிவாகத் தெரிந்தது. சகோதரியர் இருவருமோ கரிய நிழலுருக்களாக நின்றனர். கண்ணில்லை, கண்ணீரில்லை, முகமே இல்லை.

உடனே பல குரல்கள் எழுந்தன. ‘இவரை இப்பொழுதே அனுப்பிவிட வேண்டும்’ என்றார் ஒருவர். ‘முதலாளியைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்க வேண்டும்’ என்றான் தம்பி. சட்டம் பயின்ற ஒருவர், நுகர்வோர் ஆணையத்திற்குப் போகலாம் என்றார். அவர் சொன்னதில் பிழையில்லை. 1986ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, பின்னர் 2019ஆம் ஆண்டின் புதிய சட்டத்தால் மாற்றியமைக்கப்பட்ட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பணம் பெற்றுக்கொண்டு சேவையில் குறை வைப்பவர் மீது மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். அதற்கு இரண்டு ஆண்டுக் கால எல்லையும் உண்டு. ஆனால் நண்பர்களே, எங்களுக்கு அப்பொழுது இருந்தவை இரண்டு ஆண்டுகள் அல்ல. ஆறு மணி நேரமே. மாலை நான்கரை மணிக்குச் சின்னம்மா புறப்பட்டுவிடுவார். யார் குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்வது நாளைக்கும் முடியும். எஞ்சிய பகற்பொழுதைக் காப்பாற்றுவது இன்றே முடியும், நாளை முடியாது.

அந்த இளைஞர் தலைகுனிந்து நின்றார். அவருடைய விரல்கள் நடுங்கின. அதைக் கண்டதும் நாற்பது ஆண்டுகளுக்கு முந்திய ஒரு நிகழ்ச்சி என் நினைவிற்கு வந்தது.

நான் ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தில், என் முதற்பாடம் ஒளியைப் பற்றியது. ஊசித்துளைக் காமிராவைக் கொண்டு, மெழுகுவத்திச் சுடரின் தலைகீழான உருவத்தை எண்ணெய்த்தாளில் மாணவர்களுக்குக் காட்ட வேண்டும். அட்டைப் பெட்டியை நானே செய்திருந்தேன். வகுப்பில் எடுத்து வைத்தேன், உருவம் தெரியவில்லை. பெட்டியை நகர்த்தினேன், தெரியவில்லை. மாணவர்கள் சிரித்தார்கள். எனக்கு வியர்த்துவிட்டது. கடைசிப் பலகையில் என்னை மதிப்பிட அமர்ந்திருந்த வழிகாட்டி ஆசிரியர் மெல்ல எழுந்தார். ஒன்றும் சொல்லாமல் சன்னற் கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்திவிட்டு மீண்டும் போய் அமர்ந்துகொண்டார். அறை இருண்டது, எண்ணெய்த்தாளில் சுடர் தலைகீழாக நின்றது. மாணவர்கள் கைதட்டினார்கள். அவர் சன்னலைச் சாத்தியதற்காக அல்ல, என் பாடத்திற்காகக் கைதட்டினார்கள். வகுப்பு முடிந்தபின் தாழ்வாரத்தில் என்னைத் தனியே அழைத்து, நான் செய்த மூன்று பிழைகளை ஒளிவு மறைவின்றிச் சொன்னார். வகுப்பினுள் ஒன்றையும் சொல்லவில்லை.

அந்தக் கடனை நான் அவருக்குத் திருப்பிச் செலுத்த முடியவில்லை. அதனை வேறொருவருக்குச் செலுத்தும் வேளை வந்துவிட்டதென்று எண்ணினேன். உறவினரிடம், ‘அரைமணி நேரம் இவரை என்னிடம் விடுங்கள்’ என்று கேட்டுக்கொண்டேன். பின்கட்டுக் கிணற்றடிக்கு அவரை அழைத்துச் சென்று, முதலில் ஒரு குவளை மோர் கொடுக்கச் செய்தேன்.

“தம்பி, உண்மையைச் சொல்லுங்கள். தனியாக வந்து படம் எடுப்பது இது எத்தனையாவது முறை?”

“இதுதான் முதன்முறை, ஐயா. முதலாளிக்கு இன்று வேறொரு திருமணம். ஓராண்டாக அவருக்கு விளக்குப் பிடித்திருக்கிறேன். நேற்று இரவுதான் ‘நீயே போய்விட்டு வா’ என்று காமிராவைக் கொடுத்தார்.”

“முன்பே சொல்லியிருக்கலாமே?”

“சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவீர்களோ என்று பயந்தேன், ஐயா.”

இந்த விடையில் எனக்குக் கோபமும் வந்தது, இரக்கமும் வந்தது. ஆயினும் மறைக்காமல் சொன்னாரே என்ற ஆறுதல் இவ்விரண்டினும் பெரிதாக இருந்தது. பழைய பிலிம் காமிராவில் ஒரு சுருளுக்கு 36 படங்கள். கழுவி அச்சிடும் வரையில் பிழை இருப்பதே தெரியாது. இன்றைய காமிராவிலோ பிழை அடுத்த நொடியே கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. நொடியில் தெரியும் பிழையை நிமிடத்தில் திருத்தலாம். அதற்குப் புண்படுத்தாமல் எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டும், அவ்வளவே. ஆகவே இருவரும் அமர்ந்து, அதுவரை எடுத்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

முதற் பிழை எது? எங்கள் வீடு கிழக்கு நோக்கியது. காலைக் கதிரவன் தெருப்பக்கம் இருக்கிறான். வாயிற்படியில் நின்று தெருவை நோக்கினால், வருபவர்களின் முதுகில் வெயில்; முகத்தில் நிழல். நம் கண் இந்த இரண்டையும் ஓரளவு சமாளித்துக்கொள்ளும். காமிராவுக்கு அந்தத் திறன் குறைவு. தானியங்கி முறையில் அது தன் முன்னுள்ள காட்சியின் ஒளி முழுவதையும் அளந்து, சராசரியாக ஒரு நடுத்தர வெளிச்சம் வருமாறு தன்னை அமைத்துக்கொள்கிறது. பின்னணி மிகுதியாகப் பளிச்சிட்டால், ‘ஒளி அதிகம்’ என்று எண்ணி எல்லாவற்றையும் இருட்டாக்கிவிடுகிறது. முகம் கரியாவது அதனால்தான். காமிராவை நாம் திருத்த வேண்டும். அல்லது பிளாஷ் விளக்கால் முகத்திற்கு ஒளி தரவேண்டும். எல்லாவற்றிலும் எளிய வழி, நாம் நடந்துபோய் வெயிலை நம் முதுகுப்பக்கம் வைத்துக்கொள்வது. ஓராண்டாக விளக்குப் பிடித்தவருக்கு இது தெரியாததன்று. தனியே நின்ற பதற்றத்தில் மறந்துவிட்டார்.

இரண்டாவது பிழை, பந்தலின் உட்புறம் கட்டியிருந்த சிவப்புத் துணி. அதன் வழியே இறங்கிய ஒளியால் எல்லோருடைய முகமும் மஞ்சளும் குங்குமமும் குழைத்துப் பூசியதுபோல் ஆகியிருந்தது. இது அவர் பிழை மட்டுமன்று. அழகுக்கென்று அந்தத் துணியைக் கட்டச் சொன்ன எங்கள் பிழையுமாகும். அம்மாவின் நாற்காலியைத் துணியில்லாத ஓரத்திற்கு நகர்த்தச் சொன்னேன். மூன்றாவது பிழை, கூடத்தில் ஓடியாடிய குழந்தைகளின் படங்கள் கலங்கியிருந்தமை. ஷட்டர் என்னும் மூடி ஒரு விநாடியில் பதினைந்தில் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தால், அதற்குள் குழந்தை நகர்ந்துவிடும். அதனை இருநூறில் ஒரு பங்காகக் குறைத்தால் குழந்தை அசையாமல் நிற்பதுபோல் பதியும். குறைந்த ஒளியை ஈடுசெய்ய லென்சின் துளையை அகலமாகத் திறக்க வேண்டும். அல்லது ஒளியுணர்வு எண்ணை உயர்த்த வேண்டும்.

நான்காவது பிழைதான் மிகப் பெரியது. அதுவோ முழுக்க முழுக்க எங்களுடையது. நூற்றுக்கு மேற்பட்ட படங்களில், சமையற்காரரின் உதவியாளர் பதினொரு படங்களில் இருந்தார்; என் மூத்த தமக்கையார் ஒன்றில்கூட இல்லை. யார் வீட்டிற்கு மூத்தவர், யார் தொலைவிலிருந்து வந்தவர், எந்தச் சந்திப்பிற்காக நாங்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தோம் என்பதை அந்த இளைஞருக்கு எவரும் சொல்லவில்லை. சொல்லாமலே அவர் அறிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தோம். வினாவைக் கூறாமல் விடையைக் கேட்பது ஆசிரியனுக்கு அழகாகுமா?

ஆதலால் ஒரு தாளை எடுத்து, கட்டாயம் வேண்டிய பன்னிரண்டு படங்களின் பட்டியலை எழுதினேன். கல்லூரியில் படிக்கும் என் பேத்தியை அழைத்து, ‘நீ இந்த அண்ணனுடனேயே இருந்து உறவினரை அடையாளம் காட்டு’ என்று பணித்தேன். காமிராவை நான் கையில் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் சில படங்கள் ஒருவேளை நன்றாக வந்திருக்கும். ஒரு தொழிலாளியின் நம்பிக்கை ஒழிந்திருக்கும். என் பணி சன்னலைச் சாத்துவது மட்டுமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பகலுணவிற்குப் பின், மூன்று மணியளவில் வீட்டின் நிழல் தெருவில் விழுந்தது. அதுவே குழுப்படத்திற்கு ஏற்ற நேரம். நாங்கள் மொத்தம் 58 பேர். முதியோருக்கு நாற்காலி, சிறுவருக்கு முன்னே சமுக்காளம், உயர்ந்தவர்கள் பின்னே திண்ணைமீது. ஒருவர் தலையை ஒருவர் மறைக்காமல், ‘காமிரா உங்களுக்குத் தெரிகிறதா?’ என்று ஒவ்வொரு வரிசையையும் கேட்கச் சொன்னேன். தெரு முழுவதும் பின்னே நகர்ந்து எடுக்குமாறும் சொன்னேன். அருகில் நின்று அகன்ற கோணத்தில் எடுத்தால், ஓரத்தில் நிற்பவர்கள் பருத்துத் தோன்றுவார்கள். 58 பேரும் ஒரே நொடியில் கண் இமைக்காமல் இருப்பது அரிது. ஆகவே ஒன்றுக்குப் பத்தாக எடுத்தார். முதலில் மெல்லிய குரலில் ‘கொஞ்சம் நகருங்கள்’ என்றவர், சிறிது நேரத்தில் தெருவின் மறுபக்கத்திலிருந்து உரத்த குரலில், “மூன்றாவது வரிசை ஐயா, கண்ணாடியைச் சற்றுக் கீழே இறக்குங்கள்!” என்று எனக்கே கட்டளையிட்டார். அந்தக் குரலைக் கேட்டு நான் மகிழ்ந்தேன்.

நான்கு மணிக்குச் சின்னம்மா புறப்பட ஆயத்தமானார். திண்ணையின் தென்கோடியில், பந்தல் மறைக்காத இடத்தில், வானத்தின் மெல்லிய ஒளி விழுந்துகொண்டிருந்தது. ‘ஐயா, இருவரையும் இங்கே உட்கார வைக்கலாமா?’ என்று இளைஞரே கேட்டார். நான் சொல்லித்தரவில்லை, அவரே கண்டார். அக்காளும் தங்கையும் அருகருகே அமர்ந்தனர். ‘காமிராவைப் பாருங்கள்’ என்று அவர் சொல்லவில்லை. சற்றுத் தள்ளி அமைதியாக நின்றார். அம்மா எதையோ தங்கையின் காதில் சொன்னார். சின்னம்மா பல்லில்லாத வாயால் குழந்தைபோல் சிரித்தார். அந்த நொடியில் விசை அழுந்தியது.

மறுநாள் நான் ஸ்டூடியோ உரிமையாளரை நேரிற் கண்டு பேசினேன். குரலை உயர்த்தவில்லை, கணக்கையும் மறக்கவில்லை. “உங்கள் படங்களைக் கண்டு உங்களுக்கென்று தொகை பேசினோம். எங்களிடம் சொல்லாமல் வேறொருவரை அனுப்பியது முறையன்று. ஆயத்தமில்லாத ஒரு பையனை ஐம்பது பேர் நடுவில் தனியே விட்டது அதனினும் முறையன்று” என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், தொகையில் பாதியைக் குறைத்துக்கொண்டார். இளைஞரின் அன்றைய கூலியில் ஒரு காசும் குறைக்கக் கூடாதென்ற உறுதியையும் அவரிடம் பெற்றேன். இளைஞரிடமும் அவருடைய பிழைகளைத் தனியே, ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். பிழையை மன்னிப்பது வேறு, பிழையே இல்லையென்று சொல்வது வேறு. இரண்டாவது செயல் இரக்கம்போலத் தோன்றும். உண்மையில் அது கற்பவனுக்குச் செய்யும் தீங்கு.

இந்தக் கலையின் வரலாற்றைச் சற்று எண்ணிப் பாருங்கள். 1820களில் பிரான்சு நாட்டு நியெப்ஸ் தம் வீட்டுச் சன்னலிலிருந்து எடுத்த படத்திற்குப் பல மணி நேர வெளிச்சம் வேண்டியிருந்தது. 1839ஆம் ஆண்டில் டாகேரின் முறை உலகிற்கு அறிவிக்கப்பட்டது. அதற்கு இருபது ஆண்டுகள் நிறைவதற்குள், 1858ஆம் ஆண்டிலேயே, லின்னேயஸ் டிரைப் என்பவர் எடுத்த தஞ்சைப் பெரிய கோயிலின் படங்கள் வெளிவந்துவிட்டன. கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டிச் சேர்த்த பெருமை அவருக்குண்டு. 1975ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொறியாளர் ஸ்டீவன் சாசன் அமைத்த முதல் எண்முறைக் காமிரா, ஒரு படத்தைப் பதிவுசெய்ய 23 விநாடிகள் எடுத்துக்கொண்டது. இன்று நொடிக்குப் பல படங்கள். கருவி விரைந்து வளர்ந்துவிட்டது. கருவியைப் பிடிக்கும் மனிதனோ இன்றும் முதல் நாளில் முதற் பிழையைச் செய்துதான் வளர வேண்டியிருக்கிறது.

ஆதலின் மாணவ நண்பர்களே, வேலைக்கு ஒருவரை அழைக்கும்போது மூன்றைக் கேளுங்கள்: வரப்போகிறவர் யார்? அவர் தாமே செய்த வேலை எது? அவரால் வர இயலாவிட்டால் என்ன ஏற்பாடு? அவர் வந்தபின், உங்களுக்கு வேண்டியதை எழுதிக் கொடுங்கள். முதல் அரைமணியிலேயே பணியைப் பாருங்கள். குறையிருந்தால் தனியே சொல்லுங்கள். நீங்களே வேலைக்குச் செல்லும்போது ஒன்றை மறவாதீர்கள்: ‘எனக்கு இது புதிது’ என்று தொடக்கத்தில் சொல்வது இழிவன்று, சொல்லாமல் பிறருடைய திரும்பி வாராத ஒரு நொடியைக் கெடுப்பதே இழிவு. திருக்குறளில் 51ஆம் அதிகாரம் தெரிந்துதெளிதல். 52ஆம் அதிகாரம் தெரிந்துவினையாடல். 53ஆம் அதிகாரம் சுற்றந்தழால். ஆளை ஆராய்ந்து தேர்தல், தேர்ந்தவரை அறிந்து பணியில் அமர்த்துதல், அதன்பின் சுற்றத்தைத் தழுவுதல் என அவை அடுத்தடுத்து நிற்கின்றன. அரசனுக்குச் சொன்ன அம்மூன்றும் ஒருநாள் வீட்டு விழாவிற்கும் பொருந்தக் கண்டேன்.

விழா முடிந்த நான்காம் மாதம் சின்னம்மா காலமானார். அக்காளும் தங்கையும் கைப்பற்றி நின்ற அந்த முதற்சந்திப்பு எங்களிடம் இருண்ட நிழலாகவே இருக்கிறது. அதனை எந்தத் திறமையாலும் மீட்க முடியவில்லை. அந்த இழப்பை நான் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. ஆனால் திண்ணைப் படம் அம்மாவின் கட்டிலுக்கு எதிரே சுவரில் இருக்கிறது. அன்று காலையிலேயே இளைஞரை அனுப்பியிருந்தால் அதுவும் இருந்திராது. செய்தி கேட்டுத் துக்கம் விசாரிக்க வந்தவர்களில் அவரும் ஒருவர். அந்தப் படத்தின் முன் நெடுநேரம் நின்றுவிட்டு, “இப்பொழுதெல்லாம் போகிற வீட்டில் முதலில், ‘உங்களுக்கு முக்கியமானவர்கள் யார் யார்?’ என்று கேட்டுவிடுகிறேன், ஐயா” என்றார்.

அம்மா அவரை அருகே அழைத்து, சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்.